பகலில் திறக்கக் கூடாத அறை

கொர்ர்ரென்று இழுத்து, மேலே போய் ஒரு விசிலாகி, பிறகு யாரோ சாக்கைத் தரையோடு இழுத்துக்கொண்டு போவதுபோல் கீழே இறங்கியது அந்தச் சத்தம். கனகவேல் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தாலும் ஒன்றும் தெரியப்போவதில்லை. பிரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியை வெட்டி ஜன்னலில் செருகி, அதற்குமேல் மனைவி கோமதியின் பழைய கறுப்புப் பாவாடைத் துணியையும் ஆணி அடித்து மாட்டியிருக்கிற அறை, வெளியே உச்சி வெயில் அடித்தாலும் கிணற்றுக்குள் கிடக்கிற மாதிரிதான் இருக்கும். யாரோ குறட்டை விடுகிறார்கள். நாமதான், வேறு யார், என்று நினைத்துக்கொண்டு மறுபடி தூக்கத்துக்குள் இறங்கப் பார்த்தார். இறங்கும்போதுதான் உறைத்தது, விழித்துக் கிடக்கிறவன் எப்படிக் குறட்டை விடுவான்? உதட்டை நாக்கால் தொட்டுப் பார்த்தார். வாய் மூடித்தான் இருக்கிறது. மூக்கடியில் விரலை வைத்தார். காற்று சத்தமில்லாமல் போய் வந்துகொண்டிருந்தது. குறட்டையும் அதுபாட்டுக்குப் போய் வந்துகொண்டிருந்தது. சில படங்களில் வருமே, செத்துப்போனவனுக்குத் தான் செத்தது தெரியாது, எழுந்து நின்று கட்டிலைப் பார்த்தால் அங்கே தன் உடம்பே கிடக்கும், வீட்டு ஆட்களைக் கூப்பிடுவான், ஒருத்தரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அப்படி இருந்தால்? ஆனால் செத்தவன் குறட்டை விடுவானா? விட்டால் அது என்ன சாவு? சிரிப்பு வரும்போலவும் இருந்தது, நெஞ்சுக்கூட்டுக்குள் ஜில்லென்றும் இருந்தது. பகல் தூக்கத்தில் சில நாள் அமுக்குவான் வந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொள்வான், கை கால் அசையாது, குரல் எழும்பாது. இன்றைக்கு அப்படியும் இல்லை. கால் பெருவிரலை ஆட்டிப் பார்த்தார், ஆடியது. கோமதி பாத்திரக் கடைக்குப் போயிருப்பாள். ஆடித் தள்ளுபடி, கால் வைக்க இடமில்லை, மத்தியானச் சோற்றுக்கும் விட மாட்டேன் என்கிறார்கள் என்று நேற்று புலம்பினாள். வீட்டில் மகள் அபிதா மட்டும்தான் இருப்பாள். அபிதா குறட்டை விடுகிற பிள்ளையும் இல்லை, இது பெண்பிள்ளைக் குறட்டையும் இல்லை. அப்படியென்றால் வீட்டுக்குள் ஒரு ஆம்பளை தூங்குகிறான். யார் அவன் என்று எழுந்துவிட நினைத்த கணத்தில் குறட்டை சட்டென்று நின்றது. பிறகு முதலிலிருந்து வந்தது. அதே இழுப்பு, அதே விசில், அதே சாக்கு. அவர் வேலை பார்க்கிற எடைமேடையிலிருந்து ஒரே லாரியை இறக்கி மறுபடி ஏற்றினால்கூட முள் அதே இடத்தில் நிற்காது, டிரைவர் வெற்றிலையைத் துப்பியிருப்பான், கொஞ்சம் முன்னே பின்னே காட்டும். இது இம்மி பிசகாமல் வருகிறது. அப்படியென்றால் ஆள் இல்லை, மெஷின். அதைத் தொடர்ந்து கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது.

"ஏட்டி அபி, என்னட்டி இது, போர் போடுத வண்டியா?" அது ஜெஸிந்தாவின் குரல். சின்ன வயசிலிருந்தே அபிதாவோடு சேர்ந்து படித்து, இப்போது காலேஜிலும் கூடப் படிக்கிற பிள்ளை. வந்தால் அடுப்படியில் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் செருப்பைக் கழற்றுவாள். "எங்கப்பா கொறட்டட்டி," என்றாள் அபிதா. "ஐயோ. ஸாரிட்டி." "எதுக்கு ஸாரி? சிரி. ஆனா மெதுவாச் சிரி. உள்ள தூங்குதாங்க." கனகவேல் மல்லாந்தபடியே கிடந்தார். காது சூடேறியது. இப்படியா இருக்கிறது நம் குறட்டை. இத்தனை வருஷம் கோமதி சொன்னதெல்லாம் மிகைப்படுத்தல் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தார். தன் குரலை போனில் கேட்டாலே ஒருத்தருக்குக் கூச்சமாக இருக்கும், இது குரல்கூட இல்லை, குரலுக்கும் கீழே கிடக்கிற ஏதோ ஒன்று, குளிக்காமல் தெருவில் நிற்பது மாதிரி. எப்போது ரெக்கார்டு பிடித்தாள் இதை? கதவைத் திறந்து உள்ளே வந்தா, வெளியே நின்றே பிடித்தாளா? போன வாரம் முழுக்க வீட்டில் ஏதோ நடமாட்டமாகத்தான் இருந்தது. கடைசி வருஷம், பேய்ப்படம் ஒன்றின் ஆரம்பக் காட்சியை மட்டும் எடுத்துக் காட்ட வேண்டும், ரெண்டே நிமிஷம்தான், ஆனால் எந்தெந்தப் பேய்ப்படங்களைப் பார்த்து அதைச் செய்தாய் என்று நிற்கவைத்துக் கேட்பார்கள், அதற்குத்தான் பாதி மார்க் என்று சோறு சாப்பிடும்போது அவள் கோமதியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நாளைக்குக் காலையில் போய்க் காட்ட வேண்டும். ரெண்டு ராத்திரியாகக் கம்ப்யூட்டர் முன்னால் கிடக்கிறாள் என்பதைக் கோமதி சொன்னாள், கனகவேல் பார்க்கவில்லை. ராத்திரி அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதை இருபத்தொரு வருஷமாக அவர் பார்த்ததில்லை. துறைமுகத்துக்குப் போகிற சாலையில் எடைமேடை, அதன் ஓரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு, அதற்குள் ஒரு நாற்காலி. சரக்கோடு வருகிற லாரியை ஏற்றிப் பார்ப்பது, சரக்கை இறக்கிவிட்டுப் போகிற லாரியை ஏற்றிப் பார்ப்பது. நடுவில் லாரி இல்லாத நேரத்தில் கையில் அகப்பட்டதைப் படிப்பது. விடியும்போது வீட்டுக்கு வந்து, இன்றைக்கும் அப்படித்தான், ரெண்டு யூனிபாரத்தையும் சோப்புத்தூள் வாளியில் முக்கிவைத்துவிட்டு, சற்று நேரம் தலையைச் சாய்த்துவிட்டுக் கசக்கிப் போடலாம் என்றுதான் படுத்தார். வாளி குளியலறையில் கிடக்கும். தண்ணீர் இந்நேரம் கறுத்திருக்கும்.

வெளியே ஜெஸிந்தா தொண்டையைக் கனைத்துக்கொண்டு டீச்சர் குரலுக்கு மாறினாள். "ம். சொல்லுங்க அபிதா. உங்க ஓப்பனிங் சீன்ல இதுக்கு முன்னால வந்த பேய்ப்படங்களோட பாதிப்பு என்ன? கையைப் பிசையாதீங்க. நிமிந்து நில்லுங்க." "ஏ போட்டி." "போட்டியா? மேடத்தப் பாத்து போட்டிங்கியளா? மார்க் கட்." அபிதா சிரித்தாள், பிறகு மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள், மனப்பாடம் செய்த குரலில். "எல்லாப் பேய்ப்படமும் ஒரு வீட்ல ஆரம்பிக்கும் மேடம். அந்த வீடு ரொம்ப மலிவா வாடகைக்குக் கெடைக்கும். நாய் உள்ள வர மாட்டேங்கும். எல்லா ரூமையும் சுத்திக் காட்டுவாங்க, ஒரு ரூம மட்டும் காட்ட மாட்டாங்க. அதத் தெறக்காதீங்கன்னு யாராவது சொல்லுவாங்க. அவ்வளவுதான், பாக்குறவங்களுக்குப் படம் முடியுற வரைக்கும் அந்தக் கதவு மேலதான் கண்ணு. நான் அதத்தான் மேடம் எடுத்துக்கிட்டேன். எங்க வீட்லயே அப்படி ஒரு ரூம் இருக்கு. பகல்ல தெறக்கக் கூடாது." அந்த அறைக்குள்தான் கனகவேல் கிடந்தார். கண்ணைத் திறந்து இருட்டைப் பார்த்தார். அட்டையின் ஒரு மூலை காற்றில் பிரிந்து, அது வழியாக நூல் மாதிரி வெளிச்சம் வந்து எதிர்ச் சுவரில் விழுந்துகொண்டிருந்தது. படத்தில் இப்படித்தான் காட்டுவார்கள். கேமரா இந்த வெளிச்சத்தைப் பிடித்துக்கொண்டே மெதுவாகக் கட்டிலுக்கு வரும், கட்டிலில் போர்வைக்குள் ஒன்று கிடக்கும்.

பகலெல்லாம் தூங்கும், வெயில் ஆகாது, பொழுது சாய்ந்தால் எழுந்து வெளியே போகும், விடிவதற்கு முன்னால் சிவந்த கண்ணோடு திரும்பி வரும். வெளிநாட்டுப் படத்தில் அது சவப்பெட்டிக்குள் படுத்துக்கொள்ளும், இங்கே பிரிட்ஜ் பெட்டியை ஜன்னலில் அடித்துக்கொண்டு படுத்திருக்கிறது. அப்படியென்றால் நம்மைத்தான் எடுத்திருக்கிறாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து இந்த வீட்டில் காதால் கேட்ட முதல் வார்த்தையே ஷ்ஷ் என்பதாகத்தான் இருந்திருக்கும். அப்பா தூங்குதாங்க. பந்தைக் கீழே தட்டாதே, அப்பா தூங்குதாங்க. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்தால் வாசலோடு சரி, மாமா தூங்குதாங்க. பிறந்தநாளுக்கு மெழுகுவத்தி ஊதியதுகூட மாடிவீட்டில்தான், பாட்டுப் பாடினால் சத்தம் வரும் என்று. அவள் ரெண்டாம் கிளாஸ் படிக்கும்போது ஒருநாள் மத்தியானம் கையிலிருந்து எவர்சில்வர் செம்பு நழுவிவிட்டது. அது விழுந்ததோடு நிற்காமல் தரையில் சுற்றிச் சுற்றிக் கிண்கிண்ணென்று கிடந்தது. கதவைத் திறந்துகொண்டு போய் நின்றார். அதட்டவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெளிச்சத்தில் கண் கூசி யார் நிற்கிறது என்றே சரியாகத் தெரியாமல் சும்மா நின்றார், அவ்வளவுதான். கண் பழகியபோது எதிரே ஒரு முகம் தெரிந்தது. செம்பை எடுக்கக் குனிந்த பிள்ளை அப்படியே பாதியில் நிமிர்ந்து பார்த்தபடி இருந்தது. அந்த முகத்தை இதற்கு முன்னால் எங்கே பார்த்திருக்கிறோம் என்று அன்றைக்கு வேலைக்குப் போகிற பஸ்ஸில் யோசித்தார். சினிமாவில் பார்த்தது. கதவு தானாகத் திறந்துகொண்டதும் எல்லாரும் அப்படித்தான் பார்ப்பார்கள், கேமரா கிட்டே போகும். அதட்டியிருந்தால் அவள் அழுதிருப்பாள், அவர் தூக்கிச் சமாதானம் சொல்லியிருப்பார், காரியம் அதோடு முடிந்திருக்கும். சும்மா நின்றதுதான் வினையாகிப் போனது. இப்போது அது ரெண்டு நிமிஷப் படமாகி, நாளைக்குக் காலையில் திரையில் ஓடப்போகிறது. நாற்பது பிள்ளைகள் பார்க்கும். மேடம் பார்ப்பார்கள். அது என்ன அந்த அறையில் என்று கேட்பார்கள். எங்கப்பா என்று சொல்வாள். பொய்யாக இருந்தால் கோபித்துக்கொள்ளலாம். யோசித்துப் பார்த்தால் எங்கே பொய்? எடைமேடையில் ராத்திரி பயமாயில்லையா அண்ணாச்சி என்று புது டிரைவர்கள் கேட்பார்கள், தவளையும் நாயும்தான் தம்பி, பேய் எங்கே வருது என்பார் அவர். பேய் ராத்திரி கூண்டுக்குள் உட்கார்ந்து எடை பார்த்துவிட்டுப் பகலில் வீட்டுக்குத் தூங்க வந்துகொண்டிருந்ததா? தன்னையே நக்கலடித்துக்கொண்டதில் கண்ணோரம் ஈரமாகி, காதுக்குள் ஒரு சொட்டு இறங்கியது. துடைக்கக் கையைத் தூக்கவில்லை. தூக்கினால் கட்டில் கிறீச்சிடும்.

அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஹாலில் போய்ப் படுத்திருக்கலாம். எத்தனை பேர் விளக்கு வெளிச்சத்தில் தூங்குகிறார்கள். பகல் வேலைக்கு மாறியிருக்கலாம், ஒரு தடவை கேட்கவும் செய்தார்கள். ராத்திரிக்குப் படி கொஞ்சம் கூட, அதோடு லாரி இல்லாத நேரத்துச் சும்மாவும் அவருக்குப் பழகிப்போயிருந்தது, அந்தப் புத்தகமும் அந்த டீயும். மாறவில்லை. மாறாமல் இருந்ததற்கு வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. டிவியில் சத்தத்தை முழுசாகக் குறைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். லீவு நாளில் அபிதா உட்கார்ந்து படமாகப் பார்த்துத் தள்ளுவாள், அதுவும் பேய்ப்படமாக. கதவிடுக்கு வழியாக நீல வெளிச்சம் துடிப்பது பாதித் தூக்கத்தில் தெரியும். ஒரு பொட்டுச் சத்தம் வராது. பிள்ளை நமக்காக ஊமைப்படம் பார்க்கிறதே என்று நெஞ்சு இளகும், இளகிய சூட்டிலேயே தூங்கிப்போவார். "சரி, பேய் எப்பட்டி வரும்?" என்று கேட்டாள் ஜெஸிந்தா, டீச்சரை மறந்துவிட்டு. கனகவேல் மூச்சை அடக்கிக்கொண்டார். "வராது," என்றாள் அபிதா. "வராதா? பேய் வராத பேய்ப்படமா? மீன் போடாத மீன்கொழம்பா? பெயில். நீயும் பெயில், ஒன்னோட க்ரூப்ல இருந்த பாவத்துக்கு நானும் பெயில்." "சொல்லுததக் கேளு. நான் எங்கட்டி பேயப் பாத்துப் பயந்தேன்? எங்க வீட்லதான் எல்லாப் படமும் சத்தம் இல்லாமலா ஓடும். சத்தம் இல்லாமப் பாத்தா பேய் எப்படி இருக்கும் தெரியுமா? தலைய விரிச்சுப் போட்டுட்டு, வாயப் பப்பரப்பான்னு தெறந்துட்டு, பல்லு டாக்டர்ட்ட வந்த மாதிரி நிக்கும். ஒரு பேயாவது என்னைய பயங்காட்டுனதில்ல. ஒங்க வீட்ல வச்சுத்தான் மொதமொத சத்தத்தோட பாத்தேன், ஞாபகம் இருக்கா?" "தலகாணிய நனைச்சியே, மறப்பனா?" "அன்னைக்குத்தான் ஒண்ணு புரிஞ்சுது. பேய் வந்த பெறகு போடுத சத்தம் இல்லட்டி பயம். பேய் வாரதுக்கு முன்னால எல்லாச் சத்தமும் நின்னுபோகும்லா. காத்து, பூச்சி, பாட்டு எல்லாம் நிக்கும். நின்னுச்சுன்னா ஏதோ வரப்போவுதுன்னு அர்த்தம். அதத் தெரிஞ்சுட்டு வீட்டுக்கு வந்தேன். பெறகுதான் எனக்குக் கேடு ஆரம்பிச்சுது." "என்ன கேடு?" "போட்டுக் காட்டுதேன். கண்ண மூடிட்டுக் கேளு. மொதல்ல படமே கெடையாது, கருப்புதான்."

கதவுக்கு இந்தப் பக்கமும் கருப்புதான். கனகவேல் கேட்டார். முதலில் மின்விசிறி. தங்கள் வீட்டு மின்விசிறிதான், ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை டொக்கென்று இடிக்கிற அதே விசிறி. தூரத்தில் கோலமாவுக்காரனின் கூவல் தேய்ந்து போனது. எங்கோ குக்கர் விசிலடித்தது. அதற்குள்ளிருந்து குறட்டை எழும்பியது, கொர்ரென்று இழுத்து, விசிலாகி, சாக்காகி. ஒரு சுற்று. இன்னொரு சுற்று. கேட்கக் கேட்கக் கூச்சம் போய் அது பாட்டுக்கு ஓடுகிற ஒரு சாமானின் சத்தம்போலத் தோன்றியது, வீட்டுக்குத் தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் மாதிரி, ஓடுகிற வரையில் ஒருத்தரும் அதைக் கேட்பதில்லை. மூன்றாவது தடவை மேலே ஏறி, விசிலுக்கு முன்னால், நின்றது. விசிறி மட்டும் டொக், டொக். கோலமாவுக்காரன் இல்லை. குக்கர் இல்லை. டொக். இவ்வளவு நேரமாகவா நிற்கும்? டொக். தானும் மூச்சு விடாமல் கிடப்பது அவருக்கே தெரியவில்லை. "முடிஞ்சிட்டாட்டி?" என்றாள் ஜெஸிந்தா, குரல் சின்னதாகியிருந்தது. "ஷ்ஷ்." அப்போது கொலுசுச் சத்தம் வந்தது. எந்தப் பேய்ப்படத்திலும் வருகிற கொலுசு. கனகவேலுக்குக் கைமயிர் நட்டுக்கொண்டது. ஆனால் இது ஜல்ஜல்லென்று நிதானமாக நடந்து வரவில்லை. குடுகுடுவென்று ஓடி வந்தது. சின்னக் கால், தரையில் பட்டும் படாமலும் ஓடி வந்து, கிட்டே வந்து நின்றது. கதவில் ஒரு கை படுகிற சத்தம். அவ்வளவுதான், அதோடு தீர்ந்தது.

"கொலுசு கேட்டா பேய் வருதுன்னு எல்லாவனும் நெனப்பான்," என்றாள் அபிதா. மனப்பாடக் குரல் எங்கோ போயிருந்தது. "அதத்தான் எல்லாப் படத்துலயும் கேட்ருக்கோம். இதுல கொலுசு பேய் இல்ல. நான்தான். அப்பாக்குக் கொறட்ட நின்னுதுன்னா நான் ஓடுவேன். டிவியில பேய் பாட்டுக்கு வாயத் தெறந்துட்டு நிக்கும், நான் கதவுல காத வச்சுட்டு நிப்பேன். ஒவ்வொரு நாள் ரொம்ப நேரம் வராது பாத்துக்கோ. சாமிக்கெல்லாம் நேந்துக்கிடுவேன். பெறகு திடீர்னு கொர்ர்னு வரும். அப்படியே தரையில உக்காந்துருவேன். அந்தா அந்த எடம்தான், அந்த மொசைக்குல." "அம்மாட்ட சொல்லலியா?" என்றாள் ஜெஸிந்தா. "சொன்னா சத்தியமா நடந்துருமோன்னு பயம்." கனகவேல் இருட்டில் உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தார். கொலுசு ஓடி வந்து கதவருகே நிற்பது அவருக்குத் தெரியும். பாதித் தூக்கத்தில் எத்தனை நாள் கேட்டிருக்கிறார். பிள்ளை விளையாடுகிறது, நாம் எழுந்துவிட்டோமா, டிவிச் சத்தத்தைக் கூட்டலாமா என்று வேவு பார்க்கிறது என்று எண்ணிக்கொள்வார். ஒருநாள் எரிச்சலில் கோமதியிடம், அந்தக் கொலுசை முதலில் கழற்றி வை, வாசல்வரைக்கும் வந்து வந்து தூக்கத்தைக் கெடுக்குது என்று சொன்னார். மறுநாளிலிருந்து கொலுசு இல்லை. சத்தம் அடங்கியது, ஓடி வருவதையும் விட்டுவிட்டாள் என்றல்லவா எண்ணினார். அடங்கியது சத்தம் மட்டும்தானா? அதற்குப் பிறகு வெறுங்காலோடு எத்தனை தடவை? இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு பிள்ளை நின்று அவர் மூச்சை எண்ணிக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் தன்னைக் கண்டு அதற்குப் பயம் என்று நினைத்துக்கொண்டு ஒருத்தன் கிடந்திருக்கிறான். பயம்தான். பயம் இருந்தது நிஜம். ஆனால் அது கதவைப் பார்த்து வந்ததில்லை, கதவுக்கு உள்ளே கட்டிலில் கிடக்கிறவனுக்கு என்ன ஆகுமோ என்று வந்தது. நெஞ்சின்மேல் வருஷக்கணக்காக ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு, போய்விட்டதுபோல் இருந்தது. சரக்கை இறக்கிய லாரி எடைமேடையில் ஏறும்போது மேடையே லேசாக மூச்சு விடும், அந்த மாதிரி.

"ஏட்டி," என்றாள் ஜெஸிந்தா திடீரென்று. "நெசமாவே ஒங்கப்பா கொறட்ட ஒண்ணும் கேக்கலையேட்டி. நான் வந்ததுலருந்தே கேக்கல." வெளியே எல்லாம் நின்றது. நாற்காலி ஒன்று பின்னால் நகர்ந்தது. காலடி கேட்கவில்லை. கதவடியில் இருந்த வெளிச்சக் கோட்டில் மட்டும் ரெண்டு நிழல் வந்து நின்றன. கனகவேல் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. வாயைத் திறந்து, தொண்டையைச் சுருக்கி, கொர்ர்ரென்று இழுத்தார். நன்றாகத்தான் வந்தது என்று நினைத்து இன்னொன்றும் விட்டார். நிழல் நகரவில்லை. பிறகு கதவுக்கு வெளியே இருந்து, மெதுவாக, "ப்பா," என்று அபிதா கூப்பிட்டாள். "நடிக்காதிய." அவர் இன்னொரு குறட்டையை இழுத்தார். "கொர்ர்ருக்குப் பெறகு விசில் வரணும். ஒங்களுக்கு விசிலே வரல." ஜெஸிந்தா வாயைப் பொத்தியும் பொத்த முடியாமல் வெடித்துச் சிரித்தாள். இதற்குமேல் தூங்கிக்கொண்டிருப்பது மரியாதையில்லை என்று பட்டது. "ஏளா, என்னையக் கேக்காமலா புடிச்ச?" என்றார் இருட்டிலிருந்து. குரல் கரகரத்தது. "கேட்டா ஒழுங்காத் தூங்குவியளா? கேமரா முன்னால நிக்க மாதிரி வெறைச்சுக்கிட்டுல்லா கெடப்பிய." "அப்ப ஒம் படத்துல நான் பேய் இல்லயா?" கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாதோ என்று நினைத்தார். "பேயா? ஒங்களுக்கு அதுக்கெல்லாம் முடி பத்தாதுப்பா," என்றாள் அபிதா. "பேசாமத் தூங்குங்க. மணி ரெண்டுதான் ஆகுது." அந்தப் பக்கம் ஜெஸிந்தா, "மாமா, ஒங்களுக்கு டைட்டில்ல பேர் போட்டாச்சு, பயப்படாதிய," என்றாள்.

தூக்கம் வரவில்லை. வராததில் வழக்கமான எரிச்சலும் இல்லை. வெளியே இருவரும் மேடம் என்ன கேட்பார்கள், அதற்கு என்ன சொல்வது என்று குசுகுசுத்தார்கள். பேய் எங்கேன்னு கேட்டா சத்தம் நிக்குதுல்லா மேடம் அதுதான்னு சொல்லு, ஒத்துக்கிட்டா ஒத்துக்கட்டும் என்றாள் ஜெஸிந்தா. அடுப்படியில் ஏதோ டப்பா திறந்தது, முறுக்கு கடிபட்டது. வாசற்கதவு சாத்துகிற சத்தம். ஜெஸிந்தா பஸ்ஸுக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. படித்துப் பார்க்கிறாளோ, படத்தை மறுபடி போடுவாளோ என்று காத்துக்கிடந்தார். ஒரு சத்தமும் இல்லை. சத்தம் இல்லாமல் இருப்பது என்றைக்கும் இல்லாமல் இன்றைக்கு அவரைப் பாயில் முள் குத்துகிற மாதிரி புரட்டியது. என்ன செய்கிறாள்? எழுந்து உட்கார்ந்தார். காலைத் தரையில் வைத்தார், தரை சில்லென்றிருந்தது. தாழ்ப்பாளைச் சத்தமில்லாமல் தூக்கினார். அந்தக் கதவைப் பகலில் அவ்வளவு மெதுவாக அவர் திறந்ததே இல்லை. வெளிச்சம் முகத்தில் அடித்தது. ஒரு கையால் கண்ணை மறைத்துக்கொண்டு நின்றார். அதே இடம், அதே மாதிரி. கண் பழகியபோது பாயில் ஒருக்களித்துக் கிடந்த அபிதா தெரிந்தாள், கையெட்டுகிற தூரத்தில் கம்ப்யூட்டர் மூடிக் கிடந்தது, ரெண்டு ராத்திரித் தூக்கம் முகத்தில் அப்பியிருந்தது. பாதிக் கடித்த முறுக்கு விரலிடுக்கில் இருந்தது. அதை மெல்ல உருவி எடுத்து டப்பாவில் போட்டார். ஜன்னல் கதவைப் பாதி சாத்தி வெயிலை அவள் முகத்திலிருந்து தள்ளினார். மேலே விசிறி டொக், டொக்.

குளியலறையில் வாளி அப்படியே கிடந்தது. தண்ணீர் கறுத்து, நுரை அடங்கி, ஒரு சட்டைக் கை மட்டும் மேலே மிதந்தது. குழாயை வழக்கம்போல் திறந்தால் வாளியில் கொட்டுகிற சத்தம் வீட்டைத் தூக்கும். நூலளவுக்குத் திறந்து, தண்ணீர் உட்சுவரோடு வழிந்து இறங்குகிற மாதிரி வாளியைச் சாய்த்து வைத்தார். சட்டைக் காலரைக் கல்லில் விரித்து, சோப்பைக் கையிலெடுத்துக்கொண்டு, காதை வெளியே வைத்தார். ஹாலில் மூச்சு வந்துகொண்டிருந்தது, மெல்லியதாக, சீராக. பிறகு வரவில்லை. சோப்பு கையில் வழுக்கியது. விசிறி மட்டும் இடித்தது. அவர் அசையாமல் நின்றார். கொஞ்சம் பொறுத்து, புரண்டு படுக்கிற சரசரப்பும், அதன் வாலில் பூனைக்குட்டி முணங்குவதுபோல ஒரு சின்னக் குறட்டையும், அதன் நுனியில் ஒரு விசிலும் கேட்டன.

கனகவேல் குத்தவைத்து உட்கார்ந்து, காலரில் சோப்பைப் போட்டு, அடிக்காமல், கையாலேயே கசக்க ஆரம்பித்தார்.